கஸ்தூரி தள்ளாடவில்லை

மகனே,

ஸலாம். கோபமாக இருந்தாலும் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதால் சொல்லிவிட்டேன். நலம் விசாரிப்பெல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரி அத்தா, சரி அத்தா, அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிடுவாய். எனக்கும் பாதியில் குரல் உயர்ந்து, சொல்ல வந்தது மறந்து, கடைசியில் உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு முடித்துவிடுவேன். அதனால் கல்லாவில் உட்கார்ந்து, வியாபாரத்துக்கு நடுவே நடுவே எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போகும் உன் மாமா இதை உன் ஆபீசில் வந்து கொடுப்பார். முழுவதையும் படி. நடுவில் யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் போகாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சேனலில் காட்டினீர்களே, மதுக்கடைப் படியிலிருந்து பையோடு இறங்கித் தள்ளாடித் தள்ளாடி நடந்துபோகும் ஒரு பெண்ணை, அவள் நம் பின்தெருக் கஸ்தூரி. அன்றைக்கு அவள் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. என்றைக்கும் குடித்தவள் இல்லை. வருகிற ஞாயிறு அதே நிகழ்ச்சியை மறுபடியும் போடப்போவதாக நாளெல்லாம் விளம்பரம் ஓடுகிறது. அதற்குள் அவள் வரும் இடத்தை நீ வெட்டி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் தொழிற்பேட்டைக் கேண்டீனில் அவள் பார்க்கிற வேலை போய்விடும். இந்தக் கடிதமே அதற்காகத்தான். மற்றதெல்லாம் உன்னிடம் பேசிப் பல நாளானதால் சேர்ந்து வருகிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் நீ போன் செய்து, "அத்தா, சாயங்காலம் பாருங்க, நான் எடிட் பண்ண முதல் ப்ரோக்ராம்" என்றாய். உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். ஒரு தட்டு நிறைய சமோசா வேறு. நானும் மஃரிப் தொழுதுவிட்டுக் கடையை வேலைக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். 'தாய்க்குலமும் தள்ளாடுகிறது' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு வந்தது. கீழே, பெண்கள் குடிப்பது சரியா தவறா, எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே கொஞ்சம் நெருடியது. பிறகு நம் கடைவீதி வந்தது, நம் கடையின் பெயர்ப் பலகைகூட ஓரத்தில் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் மதுக்கடைப் படியிறங்கினாள். முகத்தை மங்கலாக்கியிருந்தீர்கள். ஆனால் கேண்டீனில் கொடுக்கிற அந்த நீலக் கோட்டு, இடது தோளில் தைத்துப் போட்ட ஒட்டு, ஒரு பக்கம் சாய்ந்த நடை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. கூடவே ஒரு மேளச் சத்தம், அவள் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் "டொம்" என்று. உன் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏங்க, இது நம்ம கஸ்தூரி இல்ல?" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா, "ஐயய்யோ, அதுதாம்மா. அதுக்கு இன்னா கேடு? மாமியா செத்து எட்டு நாளுகூட ஆவலியே" என்று வாயில் கை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் சமோசாவைத் தொடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நீ திரும்பப் போன் செய்தாய். "எப்படித்தா இருந்துச்சு? அந்த லேடி நடந்து வர்றதை ஸ்லோ மோஷன் பண்ணது நான்தான். மூஞ்சிய மறைச்சதும் நான்தான். டைரக்டரே தட்டிக்கொடுத்தாரு" என்றாய். நான் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நீ பேசி நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது படம் பிடித்த அன்றைக்கு நடந்ததைக் கேள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் காலையிலேயே காரில் வந்து எதிர்ப் புளியமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்கள். நம் கடையில்தான் பிஸ்கட்டும் கூல்டிரிங்கும் வாங்கினார்கள். நெடுஞ்சாலை அளக்க வந்தவர்கள் என்று நினைத்தேன். மத்தியானம் தாண்டிக் கஸ்தூரி வந்தாள். கேண்டீனில் வேலையில் இருந்தபோதே மாமியார் போய்விட்டதாகச் செய்தி வந்து, போட்ட கோட்டோடு ஓடி வந்திருக்கிறாள். புருஷன் லாரி டிரைவர் என்பது உனக்குத் தெரியும். மைத்துனன் ஒருவன் இருக்கிறான், அவனை நம்பிச் சரக்கு வாங்கப் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவன் வாங்கினானோ என்னவோ, ஆளையே காணோம். சாவு வீட்டில் சரக்கு எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், இந்த ஊரில் வளர்ந்தவன். தெருப் பிள்ளைகளுக்கு ஊற்றாவிட்டால் பூப்பல்லக்கு கட்டவும் ஆள் கிடையாது, தூக்கவும் ஆள் கிடையாது. முன்னால் ஆடுகிறவனுக்கும் வேண்டும், பாடுகிறவனுக்கும் வேண்டும். துக்கப்படுகிற வீட்டுக்காரர்கள்தான் வாங்கி வைக்க வேண்டும். குடிக்காத வீடு என்றாலும் விலக்கு இல்லை. இது எப்போது வழக்கமானது என்று எனக்கே தெரியவில்லை. யாருக்கும் பிடித்ததாகவும் தெரியவில்லை, ஆனாலும் யாரும் நிறுத்துவதில்லை.

ஊதுபத்தி, பன்னீர், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பாய், கெழவி போயிடுச்சு. அவரு லோடு ஏத்திக்கினு நெல்லூரு தாண்டி வந்துகினு கீறாரு, வர்றதுக்குப் பொழுது சாஞ்சிடும். பசங்க சரக்கு வந்தாதான் கைய வப்போம்னு குந்திகினு கீறானுங்க. உங்க கடை ஆள அனுப்பி வாங்கித் தர முடியுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தப் படிய நானும் மிதிக்க மாட்டேன், என் கடை ஆளையும் மிதிக்க உடமாட்டேன்மா. எங்க மார்க்கத்துல கூடாது" என்றேன். அவள் கொஞ்சங்கூட முகம் சுளிக்கவில்லை. "அதுவும் சரிதான் பாய். நானே போறேன், இதுல இன்னா கீது" என்று பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அவளிடம் நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்றால், பக்கத்தில் நின்றவனுக்குப் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் ஊறுகாயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்றவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிகழ்ச்சியில் அது வரவில்லை. அத்தனை பேரும் ஒதுங்கினார்கள். "அக்கா போவட்டும், வழி உடுங்கடா. சாவு ஊட்டுக்காரம்மாடா" என்று ஒருவன் கத்தினான். காலையிலேயே ஏற்றிக்கொண்டு நிற்க முடியாமல் நின்றவன் அவன். ஜன்னலில் வாங்கி அவள் பையில் வைத்ததும் அவன்தான். பை கனம். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற கால். இறங்கும்போது கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். நான் இங்கேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாதாரணமாகத்தான் நடந்தாள் மகனே. அதை நீ மெதுவாக்கி, மேளம் வைத்துத் தள்ளாட்டம் ஆக்கிவிட்டாய்.

உன்னை மட்டும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இத்தனை நாளாக இந்த வீதியில் உட்கார்ந்து குடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தெளிவும் வரவில்லை என்பதுதான் உண்மை. மதுக்கடை தனியாரிடம் இருந்தபோது, இவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று எல்லாரும் ஏசினோம். அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்ததும் குடி ஏதோ ரேஷன் வாங்குகிற மாதிரி மரியாதையான காரியமாகிவிட்டது. தீபாவளி முடிந்த மறுநாள் எந்த மாவட்டத்தில் எவ்வளவு விற்றது என்று பரீட்சை ரிசல்ட் போலச் செய்தி வாசிக்கிறீர்கள். ஒருத்தன் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தால் ட்ரீட், நிரந்தரமானால் ட்ரீட், பைக் வாங்கினால் ட்ரீட், பைக்கில் விழுந்து கட்டுப் பிரித்துவிட்டு வந்தால் அதற்கும் ஒரு ட்ரீட். நீ வேலைக்குச் சேர்ந்தபோது உன் கூட்டாளிகள் வந்து கேட்டார்கள், நினைவிருக்கிறதா? நான் பிரியாணி போட்டேன். "பாய், பிரியாணி எல்லாம் சரி, அதுக்கு முன்னால ஒண்ணு இருக்குதே" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சினிமாவில் குடிகாரன் வந்தால் சிரிக்கிறோம், தெருவில் வந்தாலும் சிரிக்கிறோம். அவன் பெண்டாட்டி நம் கடையில் அரிசிக்குக் கடன் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

ஆம்பிளை குடித்தால் சிரிப்பு, பொம்பளை குடித்தால் செய்தி. இதை எங்கே கற்றுக்கொண்டோம்? சின்ன வயதில் நெல் பிடிக்க உன் பாட்டனாரோடு திருவாலங்காட்டுப் பக்கம் போவேன். கள்ளுக்கு அனுமதி இருந்த காலம். நடவு முடித்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொம்பு குடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, எங்களையும் கிண்டல் செய்துவிட்டுப் போவார்கள். யாரும் கலாச்சாரம் கெட்டது என்று மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குடி எனக்கு ஹராம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த ஹராம் ஆணுக்குப் பாதி, பெண்ணுக்கு முழுசு என்று எந்தக் கிதாபிலும் இல்லையே. உங்கள் சேனலிலேயே இன்னொரு நாள், சென்னையில் ஏதோ ஹோட்டலில் பெண்கள் கண்ணாடிக் கோப்பையோடு நிற்பதை ஃபேஷன் என்று காட்டினீர்கள். அங்கே முகத்தை மறைக்கவில்லை, மேளம் அடிக்கவில்லை. கம்பெனிக் கோட்டுப் போட்டவள் என்றால்தான் மேளம்.

நம் வீட்டையும் விட்டுவிட வேண்டாம். உன் சின்னத்தா, என் தம்பி, ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்தால் மாடியிலேயே படுத்திருப்பானே, ஏன் என்று நினைத்தாய்? உனக்கு கேஸ் டிரபிள் என்று சொல்லி வளர்த்தோம். பள்ளிவாசல் மஹல்லாவில் சர்க்கரை வியாதி என்று சொன்னோம். இரண்டும் இல்லை. அவனுக்குப் பெண் கொடுத்தவர்களிடம்கூட வாய் திறக்கவில்லை. உன் சின்னம்மா ஒருநாள் என்னிடம், "நீங்களாச்சும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்" என்று மட்டும் கேட்டது. அவ்வளவுதான், அழக்கூட இல்லை. குடித்தவனை மூடி மூடி வைத்துக் குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிற ஆள் நான். குடிக்காதவளைக் காட்டிச் சம்பளம் வாங்குகிற ஆளாக நீ ஆகிவிட்டாய். வருத்தமாக இருக்கிறது, வேறு என்ன சொல்வது.

டம்ளர் விற்பதை நிறுத்திவிட்டேனா என்று கேட்பாய். இல்லை. எதிரே அந்தக் கடை வந்த பிறகு வியாபாரத்தில் பாதி அதுதான். அதில்தான் உன் படிப்புக்குக் கட்டினேன். அவன் அதில் எதை ஊற்றிக்கொள்கிறான் என்பது அவன் பாடு என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிப் பார்த்தால் வாய்க்கு நன்றாக இல்லை. உன் அம்மா, "நிறுத்துங்க, வர்ற வருமானம் போதும்" என்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். கஸ்தூரிக்காக அந்தப் படியை ஒரு தடவை மிதித்திருந்தால் அல்லாஹ் என்னைக் கோபித்திருக்கமாட்டான் என்று மட்டும் நிச்சயமாகத் தோன்றுகிறது. மிதிக்காததற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திங்கள்கிழமை அவள் வேலைக்குப் போனபோது கேண்டீன் காண்டிராக்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். "கம்பெனிக் கோட்டப் போட்டுகினு ஒயின்ஷாப்ல நிக்கிறியா? மேனேஜர் டிவி பாத்துட்டு எனக்குப் போன் பண்றாரு. இன்னும் ஒருவாட்டி வந்துச்சுன்னா என் காண்டிராக்டே போயிடும்" என்றாராம். மாமியார் இறந்ததைச் சொல்லியிருக்கிறாள். "அதெல்லாம் டிவியில போடலியே" என்றாராம். இந்த மனிதர் சனிக்கிழமை தோறும் நம் கடையில் சோடாவும் டம்ளரும் வாங்குகிறவர். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். "பாய், எனக்குத் தெரியும், அந்தம்மா அப்படிப்பட்டதில்ல. ஆனா ஞாயித்துக்கெழம மறுக்கா வரக்கூடாது. வர்லன்னா திங்கக்கெழம வந்து வேலைக்கு நிக்கட்டும்" என்றார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் புருஷன் வண்டி ஓட்டுகிற நாளைவிட வண்டிக்காகக் காத்திருக்கிற நாள்தான் அதிகம்.

உன் டைரக்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நீ சொல்லக்கூடும். புது வேலை, பேசப் பயமாக இருக்கும். தெரியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் போன் செய். நான் சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அங்கே வந்து, யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்காமல் உங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்கிறேன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான் என்று அவரிடமும் சொல்கிறேன். அதற்காக உன் வேலைக்கு ஏதாவது ஆனால், கடை இருக்கிறது, வந்துவிடு. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை அங்கே அனுப்பியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. இன்று காலை கஸ்தூரி கடைக்கு வந்தாள். சாமான் வாங்க வரவில்லை. கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றிருந்துவிட்டு, பிறகு கிட்ட வந்து கேட்டாள்: "பாய், உங்க புள்ள டிவியிலதான கீறான்? அவன்கைல சொல்லி, அது எந்த ஆளு பண்ணான்னு கேட்டு, மறுக்கா போடாம நிறுத்தச் சொல்றியா? உங்க புள்ள சொன்னா கேப்பாங்க இல்ல?" நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை. "சின்னதுல பாதி நாளு எங்க ஊட்லதான பாய் வெளாண்டுகினு இருப்பான். மீன் கொழம்புன்னா உங்க ஊட்ல போட்டத வச்சுட்டு எங்கூட்ல வந்து துன்னுவான். அவன் மட்டும் அந்த எடத்துல இருந்திருந்தான்னா, ஐயோ இது நம்ம கஸ்தூரி அத்தையாச்சேன்னு அங்கியே நிறுத்தியிருப்பான்" என்றாள். "வெள்ளிக்கிழமை அவனே வருவாம்மா, வந்து பேசுவான்" என்று சொல்லி அனுப்பினேன். நீதான் செய்தாய் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே. அதை நீதான் சொல்ல வேண்டும்.

ஆகவே காட்சியை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து சேர். ஜும்ஆ முடித்துவிட்டு இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போவோம். நான் அவளைத் தனியாக அந்தப் படிக்கு அனுப்பியதைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், உனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். அதற்குப் பிறகு உன் முறை. அவள் திட்டமாட்டாள், எனக்குத் தெரியும். டீ போட எழுந்திருப்பாள். ஆனால் எப்படியும் ஒன்று கேட்பாள், அதற்குத்தான் உன்னைத் தயாராக வரச் சொல்கிறேன். முகத்தை மறைத்தது நீ என்றால், மறைப்பதற்கு முன்னால் அந்த முகம் உன் முன்னால் இருந்திருக்குமே தம்பி, நீ பார்க்கவில்லையா என்று கேட்பாள்.

உன் அத்தா